ஊருக்கு அஞ்சுவதும் இறைவனுக்கு அஞ்சுவதும்

முஸ்லிம் வாழ்வைப் பொருளாகக் கொண்ட நாவல் ஒன்று வெளிவரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுவதைக் காண்கிறோம். வீட்டுக் குறையைத் தெருவில் வைத்துப் பேசலாமா என வருந்துவது ஒன்று. இதுதான் இஸ்லாம் என்று நாவலையே சான்றாக எடுத்துக் காட்டுவது மற்றொன்று. முன்னது நம்மவர் குரல். பின்னது பெரும்பாலும் வெளியார் குரல். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றினாலும் ஒரே பிழையிலிருந்தே பிறக்கின்றன. ஊர் வேறு, மார்க்கம் வேறு என்பதை இரண்டுமே மறந்துவிடுகின்றன.

இத்தகைய நாவல்களைப் படிக்கும்போது நான் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுண்டு. ஊருக்கு அஞ்சுவதையும் இறைவனுக்கு அஞ்சுவதையும் ஆசிரியர் பிரித்துக் காட்டுகிறாரா என்பதே அது. இரண்டு அச்சங்களும் ஒரே உள்ளத்தில் குடியிருப்பவை. ஒன்றின் உடையை மற்றொன்று அணிந்துகொண்டு வருபவை. அவற்றை அடையாளம் காட்டுவதில் உபதேசத்தைவிடவும் வரலாற்றைவிடவும் நாவலுக்கே வசதி அதிகம் என்பது என் கருத்து.

தமிழ் நாவலின் தொடக்க காலத்திலேயே நமக்குப் பங்கிருந்தது. கண்டி அறிஞர் சித்தி லெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வெளிவந்தது. அறிவும் வீரமும் நற்குணமும் நிறைந்த எகிப்திய நாயகன் ஒருவனை அவர் படைத்தார். கல்வியில் பின்தங்கியிருந்த சமுதாயத்தின் முன் ஓர் இலட்சிய மனிதனை நிறுத்துவது அக்காலத்தின் தேவை. ஆயினும் இலட்சிய நாயகனுக்குள் இரண்டு அச்சங்களும் மோதுவதில்லை. ஆகவே அங்கு நாம் வியக்கிறோம். நம்மை நாமே விசாரித்துக்கொள்வதில்லை.

அந்த விசாரணையைத் தமிழில் வலுவாகத் தொடங்கி வைத்தவர் தோப்பில் முகம்மது மீரான் (1944–2019). 1988இல் வெளிவந்த அவரது ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’யில் வடக்கு வீட்டு அகமதுகண்ணு முதலாளியின் சொல்லே ஊருக்குச் சட்டம். பள்ளிவாசலும் அவர் பிடியிலேயே இருக்கிறது. ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஊருக்குள் வரும்போது அதை மார்க்கத்துக்கு விரோதம் எனத் தடுக்க முற்படுகிறார்கள். தங்ஙள் ஒருவரின் மந்திரங்களுக்கோ எந்தத் தடையும் இல்லை. இந்த முரண்பாட்டில்தான் நாவலின் உயிர் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவன் கணக்குக் கேட்பான் என்பதே முதலாளியின் உண்மையான கவலை. அதை அவர் அவ்வாறு சொல்ல முடியாது. ஆகவே ‘ஹராம்’ என்ற சொல்லின் பின்னே ஒளிகிறார். இறையச்சத்தை மூலதனமாக்கி ஊரச்சம் எவ்வாறு வளர்க்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சித்திரம் தமிழில் அரிது. இந்நாவல் இஸ்லாத்தைத் தாக்குகிறது என்போர் முதலாளியையும் மார்க்கத்தையும் ஒன்றாகக் கருதுகிறார்கள். முதலாளி விரும்பியதும் அதைத்தானே!

1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சாய்வு நாற்காலி’ இன்னும் உள்ளே செல்கிறது. குடும்பப் பெருமையில் சாய்ந்துகொண்டு, வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்னும் முஸ்தபாக்கண்ணு, மனைவியிடம் மட்டும் முன்னோரின் அதிகாரத்தைக் காட்டுகிறான். வீழ்ச்சியை இத்தனை நுட்பமாகக் காட்டிய மீரானிடம் எனக்கொரு குறையும் உண்டு. அவரது கொடியவர்கள் மார்க்கத்தை வேடமாக அணிபவர்கள். உண்மையாகவே தொழுது, உண்மையாகவே கொடுமையும் செய்கிற மனிதனை அவரிடம் நான் அதிகம் சந்திக்கவில்லை. வேடதாரியை வெறுப்பது எளிது. தொழுகையில் கண்ணீர் விடுபவன் வீட்டில் கல்லாக இருப்பதைப் புரிந்துகொள்வதுதான் கடினம்.

அந்தக் கடினமான மனிதனை எகிப்தின் நஜீப் மஹ்ஃபூஸிடம் காண்கிறோம். அவரது கெய்ரோ முந்நூலின் முதல் பகுதி 1956இல் வெளிவந்தது. அதில் வரும் வணிகர் அஹ்மத் அப்துல் ஜவாத் வீட்டில் கடுமையின் வடிவம். இரவில் நண்பர்களோடு இசையிலும் மதுவிலும் திளைப்பவர். ஆனால் அவருடைய தொழுகை நடிப்பன்று. மஹ்ஃபூஸ் அதை நம்மை நம்ப வைக்கிறார். கணவர் வெளியூர் சென்றிருக்கும்போது, பல்லாண்டு ஏக்கத்தைத் தீர்த்துக்கொள்ள மனைவி அமீனா ஹுஸைன் பள்ளிவாசலுக்குச் சென்று வருகிறாள். வழியில் வாகனம் மோதிக் காயமடைகிறாள். உடல் தேறும்வரை காத்திருந்த கணவர் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். இறையில்லத்தை நாடிச் சென்றவள் குற்றவாளியாகிறாள்; இரவுதோறும் கேளிக்கையில் கழித்தவர் நீதிபதியாகிறார். ஆசிரியர் ஒரு சொல்கூட உபதேசிக்கவில்லை. எந்த அச்சம் எதன் பெயரால் ஆள்கிறது என்பது நமக்கு விளங்கிவிடுகிறது.

அண்டை மாநிலத்தவரான வைக்கம் முகம்மது பஷீர் வேறொரு வழி காட்டினார். ‘எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது’ மலையாளத்தில் 1951இல் வெளிவந்தது. செல்வம் போன பின்னும் யானைப் பெருமை பேசும் தாயும் எழுத்தறியாத குஞ்ஞுபாத்துமாவும் ஒருபுறம். கற்றறிந்த நிசார் அகமதுவும் அவன் தங்கை ஆயிஷாவும் மறுபுறம். இங்கே மூடப்பழக்கத்தை எதிர்ப்பவர்கள் மார்க்கத்திலிருந்து விலகியவர்கள் அல்லர். அதை அறிந்து பின்பற்றுகிறவர்கள். சீர்திருத்தம் உள்ளிருந்தே பிறக்கிறது. பஷீரின் நகைச்சுவை யாரையும் அவமதிக்காததற்கு இதுவே காரணம் என எண்ணுகிறேன்.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வெளிவந்தபோது நம்மிடையே எழுந்த சலசலப்பு பெரிது. ஆண்கள் எழுதிய நாவல்களில் திரைக்குப் பின்னால் அசைந்த நிழல்கள் இதில் பெயரும் பேச்சும் பெற்று முன்கட்டுக்கு வந்தன. சிறுமி ராபியாவின் கண்களுக்கு உலகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குவதை, அவள் வயதுப் பெண்ணைப் பெற்றவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். இந்நாவலில் வரும் அச்சம் ஏறக்குறைய முழுவதும் ஊரச்சமே. மானத்தின் பெயரால் ஒரு தாயே மகளுக்கு நஞ்சைத் தரும் நிலை அதன் உச்சம். மகளின் உயிரைவிட ஊரின் நாக்கு பெரிதாகிவிட்ட நிலை அது. மார்க்கம் கொலையாகக் கருதும் செயல், மானமாக மாறிவிடுகிறது.

இவ்விடத்தில் என் எதிர்பார்ப்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தாயின் நெஞ்சில் ஊரும் இறைவனும் எவ்வாறு மோதினர் என்பதை ஆசிரியர் இன்னும் நெருங்கி நின்று காட்டியிருக்கலாம். தொழுகைப் பாயில் அமரும் பெண் அங்கே என்ன கேட்கிறாள், என்ன பெறுகிறாள் என்பது நம் நாவல்களில் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. அவளுடைய துயரை எழுதிவிட்டு துஆவை விட்டுவிட்டால் சித்திரம் பாதிதான்.

வீட்டுக் குறையைத் தெருவில் பேசுவதா என வருந்துவோருக்கு என் விடை சுருக்கமானது. தமக்கே பாதகமானாலும் நீதிக்குச் சாட்சி சொல்லத் தயங்கக் கூடாது என்பது திருமறையின் (4:135) போதனை. நாவலாசிரியன் அந்தச் சாட்சியைத்தான் சொல்கிறான். சாட்சி முழுமையானதா என நாம் குறுக்கு விசாரணை செய்யலாம். சாட்சியை வாய்மூடச் சொல்ல முடியாது. நாவலையே இஸ்லாத்தின் சான்றாகக் கொள்வோருக்கும் ஒரு சொல்: அகமதுகண்ணு முதலாளி எல்லாச் சமுதாயங்களிலும் வெவ்வேறு பெயர்களில் வாழ்ந்தவர்தான்.

இனி எழுதப்பட வேண்டியது எது? ஒரே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். நிர்வாகிகள் தரும் சொற்ப ஊதியத்தில் குடும்பம் நடத்தும் இமாமை எண்ணிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மிம்பரில் ஏறும் அவர் அறிந்த உண்மை ஒன்று. முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் நிர்வாகி கேட்க விரும்புவது மற்றொன்று. எதிரே இறைவன், அருகே ஊர், வீட்டில் பசித்த பிள்ளைகள். இரண்டு அச்சங்களும் ஒரு மனிதனுக்குள் இதைவிடக் கூர்மையாக மோதும் இடம் வேறில்லை. அவரைக் கேலிப் பொருளாக்காமலும் புனிதராக்காமலும் முழு மனிதராக எழுதும் நாவலை நாம் கேட்டுப் பெற வேண்டும். அத்தகைய நாவல் வரும்போது, அதில் நம் ஊரின் பெயர் இருக்கிறதா என்று தேடாமல், நம் அச்சம் எது என்று தேடும் வாசகர்களாக நாமும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.