ஆல்ஃப்ரெட் வாலிஸின் அட்டைக் கடல்

இங்கிலாந்தின் கார்ன்வால் கரையிலுள்ள செயின்ட் ஐவ்ஸ் ஊரில் பழைய கயிறும் பாய்த்துணியும் இரும்பும் வாங்கி விற்றுவந்த முன்னாள் கடலோடி ஆல்ஃப்ரெட் வாலிஸ் (1855–1942), தம்மைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவரும் பிள்ளைகளை உடைய கைம்பெண்ணுமான சூசனை இளமையிலேயே மணந்து, அவருடன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இல்லறம் நடத்தி, 1922இல் அவர் மறைந்தபின், தனிமைக்குத் துணையாகவே ஓவியம் தீட்டத் தொடங்கினார்.

மளிகைக்கடை அட்டைகளின் கோணலான விளிம்பைச் சீராக்காமல் அதையே படத்தின் வடிவாக ஏற்று, படகுக்குப் பூசும் வண்ணத்தால் அவர் வரைந்த கடலில், தொலைவிலுள்ளது சிறுத்துத் தோன்றும் என்னும் தூரக்காட்சி விதி செல்லாது. மனத்தில் பெரியதாக நின்ற கப்பல் படத்திலும் பெரியதாகவே நிற்கும். இதைப் பயிற்சிக் குறையென ஒதுக்குவோர், பாய்களின் அமைப்பை அவர் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார் என்பதைக் காணத் தவறுகின்றனர்.

1928இல் அவரைக் கண்டறிந்த பென் நிக்கல்சன், கிறிஸ்டோபர் வுட் ஆகிய ஓவியர்கள், கற்பிக்க முயலாமல் அவரிடமிருந்து கற்றுக்கொண்டனர். அதுவே அவருக்குக் கிடைத்த நேர்மையான விமர்சனம் எனலாம்.