சயாமுக்குப் போன அப்பாவைத் தேடும் நாவலை எப்படிப் படிப்பது?

1942-43இல் சயாம் என்று அழைக்கப்பட்ட தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களில் ஜப்பானியர் ஆள் பிடித்தார்கள். அப்படிப் போன அப்பாவைத் தேடி மகனும் புறப்படும் கதை, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, சுங்கை பட்டாணி எழுத்தாளர் கோ. புண்ணியவானின் ‘கையறு’ ஆகியவற்றுக்கும் அதே களம்தான்.

போனவர்களில் பலர் திரும்பவில்லை என்று முடிவு தெரிந்த கதை இது. அதனால் அடுத்து என்ன என்று பக்கம் தள்ளாதீர்கள். பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கட்டும். சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார், பாடாங் பெசார் என்று விரலை வடக்கே நகர்த்துங்கள். கூட்ஸ் பெட்டிக்குள் அடைந்து பான்போங்கில் இறங்கியவர்கள், அங்கிருந்து காட்டுக்குள் நடந்தார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. அந்தப் பக்கங்களில் புண்ணும் பசியும் காய்ச்சலும் கங்காணி, கிராணி (எழுத்தர்), லயம் (வரிசை வீடு) என்று புழங்கிய தோட்டத்துப் பேச்சிலேயே வருவதைக் கவனியுங்கள். உரையாடல்களை வாய்விட்டுப் படிப்பது நல்லது.

பலர் வேகமாகத் தாண்டிவிடுவது தோட்டத்தில் தங்கிவிட்ட பெண்களின் பகுதிகளை. என்னைக் கேட்டால், நாவலின் உயிரே அங்குதான் இருக்கிறது. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாத அம்மா. மரவள்ளிக்கிழங்கைத் தின்று வளர்ந்து, யார் மகன் என்று கேட்டால் பெயர் மட்டும் சொல்லத் தெரிந்த பிள்ளை. 1943 அக்டோபரில் சுங்கை பட்டாணி இருக்கும் கெடா மாநிலத்தையே ஜப்பான் சயாமிடம் ஒப்படைத்தது. அப்பாவை விழுங்கிய நாட்டின் ஆட்சியிலேயே பிள்ளை வளர்ந்தான்.

போரில் பிரிந்த அப்பா திரும்பக் கிடைத்த பிள்ளையும் உண்டு. ஐரோப்பாவில் கட்டாய உழைப்பு முகாமிலிருந்து தப்பிய யூதச் சிறுவன் ஆஹரோன் அப்பெல்ஃபெல்ட், பல ஆண்டுகளுக்குப் பிறகு இஸ்ரேலில் ஒரு பட்டியலில் அப்பாவின் பெயரைப் பார்த்தார், போய்ச் சேர்ந்துகொண்டார். பின்னாளில் பெரிய எழுத்தாளரானார். நம் பிள்ளைகளுக்கு அப்படியொரு பட்டியல் கிடைக்கவில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில், அதே பாதை போடப் போய் மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறக்குறைய ஏழாயிரம் பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கே பெரும்பாலான கற்களில் பெயர் பார்க்கலாம். பாதை போடப் போய் மாண்ட தமிழர்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் கிடையாது. அதனால்தான் இந்த நாவல்களில் வரும் ஒவ்வொரு ஆள் பெயரிலும் தோட்டப் பெயரிலும் நான் சற்று நின்றுவிட்டுத்தான் நகர்கிறேன்.

உங்கள் வீட்டிலும் சயாமுக்குப் போனவர் இருந்தால், அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வீட்டுப் பெரியவரிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.