இரவல் வாழ்த்து

தை பிறக்கிறது, தமிழர் திருநாள் வருகிறது, வாழ்த்து மடல்களும் வருகின்றன. வழவழப்பான தாள். பொங்கி வழியும் பானை, பக்கத்தில் இரண்டு கரும்பு, பின்னால் செங்கதிர். மடலைத் திறந்தால் நான்கு வரி. நான்கிலும் எதுகை தவறவில்லை. அதன் கீழே நண்பனின் பெயர். பெயர் மட்டுந்தான் அவனுடையது. மற்றவை யாவும் அச்சகத்தாருடையவை.

நான்கு வரி மடலுக்கும் ஒரு திறனாய்வா என்று நகைப்போர் இருக்கக்கூடும். ஆம், வேண்டும் என்கிறோம். காப்பியத்தின் பக்கம் திரும்பிப் பாராதவர் எண்ணற்றோர். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒரு நண்பனுக்கு வாழ்த்து அனுப்பாதவர் அரியர். எளிய மனிதன் தன் கையால் படைக்கக்கூடிய இலக்கியம் அது ஒன்றே. அந்த ஒன்றையும் அவன் இரவல் வாங்கினால், அவனுக்கென்று எஞ்சும் சொல்தான் எது?

இம்மடலின் பிறப்பை அறிந்தால் அதன் நோயும் விளங்கும். 1843இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பார், கிறிஸ்துமஸ் நாளில் நண்பர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத நேரமின்றி, ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரைவித்து 1000 படிகள் அச்சிட்டார். ஒன்று ஒரு ஷில்லிங் என விற்பனைக்கும் வந்தது. நேரமில்லாதவரின் கருவியாகவே வாழ்த்து மடல் பிறந்தது!

நம் நாட்டு ஏழைக்குக் கிடைத்த கருவி வேறு. 1879இல் காலணா விலையில் அஞ்சலட்டை வந்தது. அது வெற்று அட்டை; பாட்டு இல்லை, படம் இல்லை. எழுத அறிந்தவன் தானே எழுதினான். அறியாதவன் பக்கத்து வீட்டாரிடம் நீட்டித் தான் சொல்லச் சொல்ல எழுதுவித்தான். அவன் எழுத்தைக் கடன் வாங்கினான். சொல்லைக் கடன் வாங்கவில்லை. இன்று நிலைமை தலைகீழ். எழுத்தறிவு பெற்றோம், சொல்லைக் கடன் வாங்குகிறோம்!

பொங்கலைச் சாதி கடந்த தமிழர் திருநாளாக, உழைப்பவர் விழாவாக ஊர்தோறும் எடுத்துச் சென்றதில் திராவிட இயக்கத்தின் பங்கு பெரிது. இயக்க ஏடுகள் பொங்கல் மலர்களை வெளியிட்டன; தலைவர்களின் படம் தாங்கிய வாழ்த்து மடல்கள் பறந்தன. மடலின் உச்சியிலிருந்த பிள்ளையார் சுழியை விலக்கினோம். ‘மகா-ள-ஸ்ரீ’ போயிற்று, ‘திரு’ வந்தது. ‘நமஸ்காரம்’ போயிற்று, ‘வணக்கம்’ வந்தது. நன்று. ஆனால் மடலின் தலையை மாற்றிய நாம், அதன் நெஞ்சை மாற்றினோமா?

திருமணத்தில் புரோகிதரை ஏன் விலக்கினோம்? அவர் ஓதுவது நமக்கு விளங்காது என்பது மட்டுமா காரணம்? நாம் சொல்ல வேண்டியதை நமக்காக வேறொருவர் சொல்வது இழிவு என்று கண்டோம். சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967இல் அண்ணா ஆட்சி இயற்றிய சட்டம் கேட்பது என்ன? மணமக்கள், தமக்கு விளங்கும் மொழியில், ஒருவரையொருவர் ஏற்பதாகத் தாமே அறிவிக்க வேண்டும் என்பது அதில் ஒரு வழி. கடவுளுக்கும் நமக்கும் இடையே தரகர் வேண்டாம் என்றோம். கணவனுக்கும் மனைவிக்கும் இடையே வேண்டாம் என்றோம். நண்பனுக்கும் நண்பனுக்கும் இடையே மட்டும் முகமறியாத ஒரு தரகரை அமர்த்துவதோ? பொருளை எண்ணாது ஒப்பிக்கும் சொல், தமிழில் இருந்தாலும் மந்திரமே!

நட்பின் மடல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. புறநானூற்றின் 67ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டிய நாட்டுப் பிசிராந்தையார், தாம் நேரில் காணாத நண்பன் கோப்பெருஞ்சோழனுக்கு அன்னத்தைத் தூது விடுகிறார். ‘நீ நிலவு, நான் வானம்’ என்றா சொல்லி அனுப்புகிறார்? குமரித் துறையில் அயிரை மீன் தின்று வடமலை நோக்கிப் பறக்கும்போது இடையில் உறையூரில் தங்கு. வாயிற்காவலரிடம் நில்லாமல் அரண்மனைக்குள் புகு. ஆந்தையின் ஆள் என்று சொல். உன் பேடைக்கு அவன் அணிகலன் தருவான் — இவ்வளவே செய்தி. ஊர் இருக்கிறது, வழி இருக்கிறது, நண்பனின் இயல்பு இருக்கிறது. ‘அன்பு’ என்று அளந்து கொட்டவில்லை. அவன் என்ன செய்வான் என்பதை அறிந்த உறுதி இருக்கிறது. அச்சோழன் வடக்கிருந்தபோது, அவன் சொன்னபடியே வந்து அவனோடு உயிர் நீத்தார் ஆந்தையார் என்பது வரலாறு.

வள்ளுவரோ இன்னும் கடுமையானவர். நட்பு அதிகாரத்தின் இறுதிக் குறளில் அவர் இடிப்பது யாரை? இவர் எமக்கு இத்தகையவர், யாம் இவருக்கு இத்தன்மையோம் என்று புனைந்து பேசுவோரை. அப்படிப் பேசினாலே நட்பு சிறுத்துவிடும் என்கிறார். அச்சடித்த மடல்கள் செய்வது முழுவதும் அந்தப் புனைதலே அன்றோ?

ஆகவே நாம் ஓர் உரைகல் வைக்கிறோம். மடலின் மேலுள்ள பெயரை அழித்து வேறொரு பெயரை எழுதிப் பாருங்கள். பொருள் கெடவில்லையெனில், அது அந்த நண்பனுக்கு எழுதிய மடலன்று. யாருக்கும் எழுதாத மடல்.

இவ்வுரைகல்லை வேங்கிக்காலில் நாம் பாடஞ்சொல்லும் வகுப்பிலேயே உரசிப் பார்த்தோம். பொங்கல் விடுமுறைக்கு முன் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அஞ்சலட்டையைக் கொடுத்து, நெருங்கிய நண்பனுக்கு வாழ்த்து எழுதச் சொன்னோம். பெரும்பாலோர் கைப்பேசியில் வந்ததை நினைவிலிருந்து எழுதினர். ஒரே நிலா பதினோரு அட்டைகளில் உதித்தது! ‘உயிர் நண்பா’ என்ற விளி இல்லாத அட்டையைத் தேட வேண்டியிருந்தது.

ஒரு மாணவன் மட்டும் அட்டையைத் தரத் தயங்கினான். வாங்கிப் படித்தோம். “மூணு வருசமா ஒரே பெஞ்சில் உக்காருறோம். எங்க வீட்டுக்கு நீ வந்தப்பல்லாம் திண்ணையோடு திருப்பி அனுப்பினோம். ஏன்னு நீ கேட்டதில்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொங்கலுக்கு வாடா. உள்ளே வா. ஆயாகிட்டச் சொல்லிட்டேன். என் பக்கத்தில் உக்காந்து சாப்பிடு.” அவ்வளவே. இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. எதுகை இல்லை, உவமை இல்லை. வாழ்த்து என்ற சொல்கூட இல்லை!

ஆயினும் அன்று எழுதப்பட்டவற்றுள் இலக்கியம் அது ஒன்றே என்று துணிந்து சொல்வோம். பெயரை மாற்றிப் பாருங்கள், அட்டை செத்துவிடும். அதிலுள்ள திண்ணை ஒரே திண்ணை. அதில் அமர்ந்தவன் ஒரே நண்பன். தன்னைப் புகழவில்லை, நண்பனையும் புகழவில்லை. தன் வீட்டின் குற்றத்தைத் தானே ஒப்புகிறது, திருத்தவும் முனைகிறது. மேலும், அஞ்சலட்டைக்கு உறை கிடையாது. கொண்டு செல்லும் அஞ்சல்காரர் படிக்கலாம், தெருவே படிக்கலாம். தெரிந்தேதான் அதில் எழுதினான். மற்றைய அட்டைகளிலும் ‘உயிர் நண்பா’ என்ற விளி இருந்ததே, அவ்வுயிர் நண்பர்களுள் எத்தனை பேர் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் நுழைந்திருப்பர்? அந்தக் கேள்வியை அழகிய சொற்கள் மூடி மறைத்தன. பிழையுள்ள சொற்கள் திறந்து வைத்தன.

விடுமுறை முடிந்து வந்தவனிடம் கேட்டோம். “வந்தான் ஐயா. ஆயா அவனோட பேசல. ஆனா சோறு போட்டுச்சு” என்றான். ஓர் அட்டையால் சாதி ஒழிந்தது என்று நாம் பறைசாற்றவில்லை. ஒரு கதவு திறந்தது. ஓர் இலை கூடுதலாக விரிந்தது. அச்சடித்த நான்கு வரியால் இதுவரை எந்தக் கதவு திறந்தது?

எல்லோருக்கும் எழுத வருமா என்பார் சிலர். சொல்வளம் வேண்டியதில்லை, சொல்ல ஒன்று இருந்தால் போதும். கேட்ட நொடியில் வாழ்த்துக் கவிதை தொடுத்துத் தரும் பொறிகள் இன்று கைக்குள் வந்துவிட்டன. எதுகை அவற்றுக்கு எளிது. ஆனால் உன் வீட்டுத் திண்ணையில் நின்று திரும்பியவன் யார் என்பது, நீ சொல்லாதவரை எந்தப் பொறிக்கும் தெரியாது.

தோழர்களே! அஞ்சலட்டையின் விலை 50 காசு. வரும் பொங்கலுக்கு ஒன்று வாங்குங்கள். நிலவையும் வானத்தையும் விட்டுவிடுங்கள். அந்த நண்பனுக்கு நீங்கள் இதுவரை சொல்லாதது எதுவோ, அதை எழுதுங்கள். எழுதியபின், அதன்படி கதவைத் திறந்து வையுங்கள்.