மடித்த வாய்

காட்டுப்பள்ளிச் சாலையில் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்டப் போகும் பழைய 407 மீன் வண்டியைப் பார்த்தால் எனக்கு மடவையும் இறாலும் ஞாபகம் வராது. பிரேக் பைப்தான் வரும். ஒருபுறம் கடல், மறுபுறம் பக்கிங்காம் கால்வாய். அந்த உப்புக்காற்றே போதும். அதற்குமேல் மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புத்தண்ணீர், பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே பைப் நன்றாகத்தான் இருக்கும். கிளிப்பைக் கழற்றினால் அப்பளம்.

மீஞ்சூர்ப் பக்கம் எங்கள் வண்டியைப் பார்த்த மேஸ்திரி ஒருவர் இருந்தார். கசிவைத் தேட அவர் டார்ச்சை எடுத்ததே இல்லை. பைப் முழுவதையும் துடைத்துச் சாக்பீஸ் தூளைப் பூசுவார். பையனை ஸீட்டில் உட்காரவைத்து, “மிதி, உடாத” என்பார். பிறகு விரலால் தடவிக்கொண்டே போவார். “ஈரம் தெரியுற எடத்துல ஓட்டை இருக்காது. அதுக்கு மேல பாரு, முன்னால பாரு” என்பார். ஓட்டத்தில் காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளிவிடுமே! பெயின்ட் உரிந்த தடமும் அவருக்குத் துப்பு. வெளியே எங்கும் ஈரமில்லாமல் பெடல் மட்டும் மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் போய்விட்டது என்று அர்த்தம். அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது அவர் பைப்புக்கு வாய் மடிக்கும் அழகை. 3/16 அங்குல இரும்புப் பைப்பை வெட்டி, அரத்தால் நேராக்கி, உள்விளிம்பின் பிசிறை எடுப்பார். நட்டை முதலில் கோத்துவிடுவார். வாய் மடித்த பிறகு நட்டைத் தேடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாய் மடிக்கும் அச்சின் படி எவ்வளவு உயரமோ அவ்வளவு மட்டும் பைப்பை அதைப் பிடிக்கும் கட்டைக்கு வெளியே விட்டு, ஒரு சொட்டு பிரேக் ஆயில் வைத்து அச்சை அழுத்துவார். விளிம்பு உள்நோக்கிச் சுருளும். அடுத்து கூம்பை இறக்கினால், சுருண்டது தன்மேலேயே படிந்து இரட்டை உதடாகும். தகட்டைச் சுருட்டிச் செம்பால் ஒட்டிய பைப் அது. ஒற்றை மடிப்பில் விளிம்பு கீறிவிடும். மடித்ததை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். உதடு ஒருபக்கம் ஒரு மயிரளவு தடித்திருந்தாலும் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி மடிப்பார்.

செம்புப் பைப்தான் உசத்தி என்று வாதாடும் நண்பர்கள் எனக்கு உண்டு. துருப்பிடிக்காது, கையாலேயே வளையும், உண்மைதான். வெறும் செம்பு வண்டியின் அதிர்வில் இறுகி வெடிக்கும் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். நிக்கல் கலந்தது என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

இப்போதோ நைந்த இடத்தை வெட்டிவிட்டு நடுவில் ரப்பர் ஓஸைச் சொருகிக் கிளாம்ப் முடுக்கி அனுப்புகிறார்கள். ஓங்கி மிதித்தால் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டு ஏறும் பைப் அது! ஒரு பட்டறையில் எங்கள் வண்டியின் பின்சக்கர லைனை அடித்து நசுக்கி அடைத்தே விட்டார்கள். “மூணு சக்கரம் புடிக்குதுல்ல சார்?” அத்திப்பட்டு தாண்டி ஒரு மாட்டுக்காக மிதித்தபோது வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. மாடு பிழைத்தது.

பிரேக் லைனிலிருந்து ஏர் எடுக்கும்போதும் மேஸ்திரிக்கு ஒரு கொள்கை. “அடி, அடி, அடி... புடி!” என்று கத்துவார். பெடலுக்கு அடியில் ஒரு கட்டைத்துண்டு கிடக்கும். பெடல் தரைவரை போகக் கூடாது. பழைய சிலிண்டரின் கடைசிப் பகுதியில் கப் ஒருநாளும் ஓடியிருக்காது. அங்கே படிந்த துரு அதைக் கிழித்துவிடும்.

எல்லாம் முடிந்தும் சாவியைத் தரமாட்டார். ஸீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கழியை முட்டுக்கொடுத்து, மடித்த ஒவ்வொரு வாய்க்கும் கீழே செய்தித்தாள் விரித்து, ராத்திரி முழுக்க விட்டுவிடுவார். காலையில் டீ குடிப்பதற்கு முன்னால் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார்.