காணிப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால்

யாழ்ப்பாணத்தாருக்கு வாய்த்த பெரும் பாக்கியம், எங்கள் ஊர்களில் காணித் துண்டுகளுக்கும் பெயர் உண்டு. கலட்டி, புலம், ஒல்லை, தாழ்வு என்று முடியும் அந்தப் பெயர்கள், ஆட்சி எத்தனை மாறினாலும் காணிப் பத்திரங்களான உறுதிகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தொடர்ந்து வருகின்றன. மனிதர் பெயர் அப்படி நிலைப்பதில்லை. வழிவழியாக வரும் குடும்பப் பெயர் எங்களுக்குக் கிடையாது. தகப்பன் பெயர் முன்னால் நிற்கும், பேரன் காலத்தில் அதுவும் போய்விடும். ஆகவே மூதாதையரைத் தேடுகிறவர் ஆளைத் தேடி அலைய வேண்டாம், காணியைத் தேடினால் போதும். இதை அறிந்த நாளிலிருந்து எனக்கு வேறு பேச்சே இல்லை!

அம்மம்மாவின் சீதன உறுதியில்தான் தொடங்கினேன். 1995 ஒக்ரோபரில் போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்தார் திரண்டு இடம்பெயர்ந்தபோது நகையோடு சேர்த்து மடியில் கட்டிக்கொண்டு வந்த உறுதி அது. காணியின் பெயர், இத்தனை பரப்பு வரகு விதைப்பு, கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால், பனை எல்லாம் நொத்தாரிசின் கையெழுத்தில் இருக்கின்றன. அதைவிட அருமை நான்கு எல்லைகள். கிழக்கே யார், வடக்கே யார் என்று ஆள் பெயரோடு எழுதியிருக்கிறது. முந்திய உறுதியின் இலக்கமும் அதிலேயே உண்டு. அதை வைத்துக் காணிப் பதிவகத்தில் தேடினால் அதற்கு முந்தியது, பிறகு அதற்கும் முந்தியது! அயற்காணிக்காரர் என்று நினைத்திருந்தவர்கள் பூட்டியின் சகோதரிகள் என்று தெரிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஒரே வளவைப் பெண்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கேதான் எங்கள் வழக்கச் சட்டமான தேசவழமையைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எங்கள் வழமைகளை 1707 அளவில் எழுத்தில் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். ஆங்கிலேயர் 1806இல் அதைச் சட்டமாக ஏற்றார்கள். முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று சொத்தைப் பிரித்த அந்த வழமையில் சீதனம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. உலகில் எத்தனையோ இடங்களின் ஏடுகளில் பெண்கள் இன்னாரின் மனைவி என்ற அளவோடு மறைந்துவிடுகிறார்கள். எங்கள் உறுதிகளில் அவர்கள் உரிமைக்காரிகள். பூட்டியின் தாயை நான் கண்டுபிடித்தது அந்த வழியில்தான்.

அதற்கும் அப்பால் போக ஆசைப்படுகிறவருக்குத் தோம்பு என்ற பழைய காணிப் பதிவேடு இருக்கிறது. வரி வாங்குவதற்காகப் போர்த்துக்கேயர் காணிகளைப் பதிந்தார்கள். 1645ஆம் ஆண்டுப் பதிவை வைத்து வரலாற்றாசிரியர் போல் பீரிஸ் 1920இல் ஒரு நூலே வெளியிட்டார். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் அந்த வேலையை இன்னும் விரித்தார்கள். காணி வரி, மர வரி, தலைவரி என்று எங்கள் சனத்தைக் கசக்கிப் பிழிந்த ஏடுகள்தாம். ஆனாலும் அவைதாம் அந்தச் சனத்தின் பெயர்களை இன்றுவரை வைத்திருக்கின்றன. கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்தில், பழைய ஒல்லாந்த எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவர் உதவ, திரிந்து கிடந்த ஒரு சொல்லை வாய்விட்டு எழுத்துக் கூட்டினேன். எங்கள் காணி! என் வாழ்நாளில் அதற்கு ஈடான மகிழ்ச்சி கொஞ்சமே. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்ததும் சும்மா இல்லை.

1981இல் யாழ் நூலகம் எரிந்ததோடு எல்லாம் போய்விட்டது என்று ஏங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: போனது பெரிது, ஆனாலும் மிச்சம் உங்கள் வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கக்கூடும். கனடாவில் இருந்தாலும் இலண்டனில் இருந்தாலும், ஊரில் உள்ள பெரியம்மாவுக்கு இன்றைக்கே தொலைபேசி எடுங்கள். காணியின் பெயரைக் கேளுங்கள், நான்கு எல்லைகளையும் கேட்டு எழுதுங்கள், உறுதியின் எல்லாப் பக்கங்களையும் படம் பிடித்து வையுங்கள்.