பந்து கொடுக்க ஆள் எங்கே? சென்னையின் எஃப்.சி.யின் முன்களம் பற்றி ஒரு குறிப்பு

அதிராம்பட்டினத்தில் கால்பந்துத் தொடர் நடக்கிற மாலைகளில் மைதானத்து ஓரமாகப் போய் நின்றால் போதும், கோச்சுகளுக்குப் பஞ்சமே இருக்காது. போன தடவை ஊருக்குப் போனபோது, வெளியூரிலிருந்து கூட்டிவந்த ஒரு ஸ்ட்ரைக்கரைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற காக்கா ஒருவர் சொன்னார்: "ஆளு நல்ல ஆளுதான் தம்பி. ஆனா இவனுக்குப் பந்து குடுக்க யாரைக் கூட்டிட்டு வந்தானுவ?"

அந்தக் கேள்வியோடுதான் சென்னையின் எஃப்.சி.யின் சில சீசன்களை எக்செல்லில் போட்டுப் பார்த்தேன்.

2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பை. அடுத்த சீசனிலேயே கடைசி இடம்: 18 ஆட்டம், 2 வெற்றி, 16 கோல், 9 புள்ளி. கோப்பை வென்ற ஆண்டில் 9 கோல் அடித்த ஜெஜே, இந்த முறை லீக்கில் அடித்தது ஒன்றே ஒன்று.

அமெரிக்க என்.எஃப்.எல்.லில் கடைசியாக வந்த அணிக்கு ட்ராஃப்டில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கும். அதை வைத்துப் பேரம் பேசி வேறு வீரர்களையும் வாங்கலாம். இங்கே அந்த ஆறுதல் இல்லை. ஐ.எஸ்.எல்.லில் உள்ளூர் வீரர்களுக்கான ட்ராஃப்ட் 2017 ஜூலையோடு முடிந்துவிட்டது. ஆகவே வழி ஒன்றுதான்: ஒப்பந்தம் முடிந்து சும்மா இருக்கிற நல்ல ஆளாகப் பார்த்துப் பிடிப்பது.

2019இல் அப்படித்தான் பிடித்தார்கள். வால்ஸ்கிஸ், கிரிவெல்லரோ, ஷெம்ப்ரி, கூடவே டெல்லி அணியிலிருந்து சாங்டே. கிட்டத்தட்ட முழு முன்களமும் புதுசு. பலன்? முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை! ஐந்தாவதில், ஹைதராபாத்துக்கு எதிராக, கூடுதல் நேரத்தில்தான் முதல் கோலே வந்தது. அதன் பிறகு கோச் ஜான் கிரெகரி விலக, டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார்.

இதைக் கவனியுங்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான். பந்தை வேகமாக முன்னே கொண்டுபோகும் ஆட்டமும், வால்ஸ்கிஸுக்குப் பின்னால் கிரிவெல்லரோவுக்குக் கிடைத்த சுதந்திரமும்தான் புதுசு. வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்து தங்கக் காலணி வாங்கினார். கிரிவெல்லரோவும் சாங்டேயும் ஆளுக்கு 7. அணி இறுதிப்போட்டி வரை போய் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றது.

அப்புறம் நடந்ததுதான் என் புகார். கோய்லும் வால்ஸ்கிஸும் ஜம்ஷெட்பூருக்குப் போனார்கள். சென்னை, போன ஸ்ட்ரைக்கருக்குப் பதிலாக சில்வெஸ்டர், இஸ்மா என்று வேறு ஸ்ட்ரைக்கர்களைப் பிடித்தது. 2020-21இல் 20 ஆட்டங்களில் 17 கோல், 11 டிரா. கிரிவெல்லரோவுக்குப் பாதியில் காயம் என்பது உண்மை. ஆனால் ஒரு சர்வர் விழுந்தால் மொத்த சிஸ்டமும் விழும் என்றால், குறை சர்வரில் மட்டும் இல்லை, டிசைனிலும் இருக்கிறது. எங்கள் தொழிலில் முதல் வருஷமே கற்றுக்கொள்கிற பாடம் இது. 2022 ஜனவரியில் அதே வால்ஸ்கிஸைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். அப்போதும் எட்டாவது இடம்தான். அந்தச் சீசனில் லீக் ஷீல்டை வென்றது, கோய்லின் ஜம்ஷெட்பூர்.

வந்தவர்களைவிட, போனவர்களின் கணக்குதான் வலிக்கிறது. சாங்டே மும்பைக்குப் போய் 2022-23இல் நாட்டின் சிறந்த வீரர் ஆனார். சென்னைப் பையன் நந்தகுமாரை 2017 ட்ராஃப்டில் டெல்லி எடுத்துக்கொண்டது. அவர் 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒரு கோல், கொல்கத்தாவில் நான்கரை ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்தது. அதைப் போனில் பார்த்தபோது சந்தோஷமா, எரிச்சலா என்று எனக்கே தெரியவில்லை.

அதிரையில் இன்றும் பையன்கள் விங்கில் பறக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அடுத்த ஸ்டாப் துபாய்தான். ஒவ்வொரு கோடையிலும் புது ஸ்ட்ரைக்கரைத் தேடுகிற கிளப், ஐந்து வருஷம் பொறுத்து ஒரு விங்கரை வளர்க்கக் கூடாதா? காக்கா கேட்டதும் அதுதான்: பந்து கொடுக்க யார் இருக்கா?