கதையும் செக்ரோலும்

தோட்டத்தில் பிறந்தும் தோட்டத்தைக் காணாத கதைகளை நம்மவர் எழுதுவதேன்? 1950-51-இல் ‘தமிழ் நேசன்’ நடத்திய கதை வகுப்பு, எழுத்தும் பயிற்சியால் கைவருவதென்று காட்டியது. அப்பயிற்சி இன்றும் வேண்டற்பாலது.

கிராணியாகிய நாம் செக்ரோலில் ஒரு பெயரை விட்டுவிட்டால் ஓர் ஏழையின் நாட்கூலி போய்விடும். கதையிலோ, விடியுமுன் பெரட்டில் நின்றவளை விட்டுவிட்டு, கண்டறியாத ஜமீன்தார் மகளை வருணிக்கின்றோம்! அங்கே பறிபோவது யாருடைய கூலி? ஆங்கிலம் கற்ற நாமும் அவ்வாறே எழுதினோம். கதை திரும்பி வந்த பின்னரே உணர்ந்தோம்.

தோழர்களே! கண்ணால் கண்ட வாழ்வை எழுதுங்கள். உரக்கப் படித்து மிகையை வெட்டுங்கள். படியொன்று வைத்துக்கொண்டு அனுப்புங்கள். பெரட்டில் நிற்பவர் ஒருவரும் விட்டுப்போகலாகாது.